மெட்டாலிக் நூலும் பக்கத்து நிறமும்: கை எம்பிராய்டரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தங்கம், வெள்ளி, செம்பு நிற நூல்களைப் பட்டு நூலோடும் காட்டன் நூலோடும் சேர்த்துத் தைக்கும்போது வருகிற வண்ணச் சிக்கல்கள் இங்கே. தையல் போடும் முறையை விளக்கும் பாடம் இல்லை இது. சங்கிலித் தையல், சாட்டின் தையல் எல்லாம் ஏற்கெனவே கைவந்தவர்களுக்கு, எந்த நிறத்தை எதன் பக்கத்தில் வைப்பது என்பதற்கான பதில்கள்.

கண்டில் பளபளவென்று இருந்த தங்க நூல், தைத்ததும் ஏன் பழுப்பாகத் தெரிகிறது?

நூல்கண்டு உருண்டையானது. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அந்த வளைவில் ஏதாவது ஓர் இடம் விளக்கொளியை உங்கள் கண்ணுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். அதே நூல் துணியில் தட்டையாகப் படுத்துவிட்டால் அந்த வசதி போய்விடுகிறது.

காட்டன் நூல் தன்மேல் விழும் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். அதனால் எங்கிருந்து பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே நிறம்தான். உலோகப் பரப்பு அப்படிச் செய்யாது. வந்த ஒளியைப் பெரும்பாலும் ஒரே திசையில் திருப்பிவிடும். அந்தத் திசையில் உங்கள் கண் இருந்தால் நூல் வெள்ளைக் காட்டனைவிட வெளிச்சமாகத் தெரியும். இல்லையென்றால் எதிரே இருக்கும் இருண்ட சுவரையோ நீங்கள் போட்டிருக்கும் உடையையோ காட்டிக்கொண்டு, அடர்பழுப்பாக உட்கார்ந்திருக்கும்.

ஆக, தங்க நூலுக்கு ஒரு நிறம் இல்லை, இரண்டு உண்டு: ஒளிர்மஞ்சள் ஒன்று, அடர்பழுப்பு ஒன்று. வண்ணத் திட்டம் போடும்போது இரண்டுக்கும் பொருந்துகிற பக்கத்து நிறங்களைத் தேட வேண்டும். கீழே வரும் பதில்களில் முக்கால்வாசி இந்த ஒரே விஷயத்திலிருந்து கிளைத்தவைதான்.

அசல் உலோகச் சரிகைக்கும் லூரெக்ஸ் வகை நூலுக்கும் நிறத்தில் வித்தியாசம் தெரியுமா?

தெரியும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நன்றாகவே தெரியும்.

பொன் என்ற உலோகம் நீல ஒளியை விழுங்கிவிட்டு மஞ்சளையும் சிவப்பையும் திருப்பித் தருகிறது. அதன் மின்னலே மஞ்சளாக இருப்பது அதனால்தான். வெள்ளி எல்லா நிறங்களையும் ஏறக்குறைய சமமாகத் திருப்புவதால் நிறமற்ற கண்ணாடி மாதிரி நடந்துகொள்ளும். செம்பு பச்சையையும் கொஞ்சம் விழுங்குவதால் சிவந்து தெரிகிறது.

லூரெக்ஸ் வகை நூல் பாலியெஸ்டர் படலத்தின்மேல் அலுமினியம் பூசி, மெல்லிய நாடாக்களாக வெட்டியது. அலுமினியம் வெள்ளியைப் போன்றது என்பதால், தங்க நிறம் மேலே போட்ட மஞ்சள் பூச்சிலிருந்து வருகிறது. நல்ல தரத்தில் அது அழகாகவே இருக்கும். ஆனால் பூச்சு தேய்ந்தால் வெள்ளி எட்டிப் பார்க்கும். அடிக்கடி துவைக்கப்போகும் துணி என்றால், தங்கம் வெள்ளியாக மாறினாலும் கெட்டுப்போகாத நிறக் கூட்டணியைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம்.

இன்னொன்று: அசல் சரிகை உலோக நாடாவை ஒரு நூலின்மேல் சுற்றிச் செய்வது. சுற்றுகளின் இடைவெளியில் உள்நூல் மெல்லத் தெரியும். பொன் சரிகைக்கு மஞ்சள் அல்லது ஆரஞ்சு உள்நூலும், வெள்ளிக்கு வெள்ளை உள்நூலும் வைப்பார்கள். பொன்தாளைக் காகிதத்தில் ஒட்டி நாடாவாக வெட்டிச் சுற்றும் ஜப்பானியப் பொன்நூலிலும் இதே ஏற்பாடுதான். நூலை லேசாக முறுக்கவிழ்த்துப் பாருங்கள், உள்ளே என்ன நிறம் என்று தெரிந்துவிடும். இரண்டு கம்பெனி நூல்கள் ஒரே தங்க நிறம் என்று விற்றாலும் தைத்த பிறகு ஒன்று மட்டும் சூடாகத் தெரிவதற்கு, பல நேரம் இந்த உள்நூல்தான் காரணம்.

எந்தத் துணி நிறத்தில் தங்கம் எடுப்பாக இருக்கும்?

அடர் நிறங்களில். இதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு அடர் நிறமும் தங்கத்தை ஒவ்வொரு விதமாக மாற்றுகிறது.

கருநீலமும் ஊதாவும் தங்கத்தின் எதிர் நிறங்கள். அவற்றின்மேல் தங்கம் தன் இயல்பைவிட அதிக மஞ்சளாகத் தெரியும். மங்கலான மலிவு நூல்கூட அங்கே பிழைத்துக்கொள்ளும். மெரூன், அரக்குச் சிவப்பு போன்றவை தங்கத்துக்குச் சொந்தக்காரர்கள். அவற்றோடு சேர்ந்தால் மோதல் குறைந்து செழிப்பு கூடும். தங்கத்தின் பழுப்புப் பக்கம் சிவப்போடு கரைந்துவிடுவதால், சாயும்போதும் அசிங்கமாகத் தெரியாது. அடர்பச்சையின்மேல் தங்கம் லேசாகச் சிவந்து, பழைய பொன் மாதிரி ஆகும். கறுப்பில் வெளிச்சம் பட்டால் பாய்ந்து வரும், படாவிட்டால் காணாமல் போகும். நடந்து போகிறவர் உடையில் இது பிரமாதம். சுவரில் அசையாமல் தொங்கும் சட்டத்தில் பாதி டிசைன் இருட்டில் கிடக்கும்.

தவிர்க்க வேண்டியது, கடுகு, ஒட்டக நிறம், நடுத்தரப் பழுப்பு போன்றவை. தங்கம் ஒளிர்விலிருந்து இருட்டுக்குப் போகிற வழியில் இந்த நிறங்களைக் கடந்துதான் போக வேண்டும். ஏதோ ஒரு கோணத்தில் நூல் துணியோடு கலந்து மறைந்துவிடும், டிசைனில் பல் விழுந்த மாதிரி ஓட்டை தெரியும்.

வெள்ளைத் துணியில் தைத்தே ஆக வேண்டுமென்றால்?

வெள்ளையில் எல்லாம் தலைகீழ். வெளிச்சம் படும்போது தங்கம் துணியோடு கலந்து மறையும். சாய்ந்தால் அழுக்குக் கோடு போலத் தெரியும். சரிகையை ஒட்டி ஒரே ஓர் இழை அடர்பழுப்போ மெரூனோ வைத்து ஓரம் கட்டுங்கள். ஆறு இழைக் காட்டன் நூலில் ஓர் இழை போதும், இரண்டு இழை போட்டால் கார்ட்டூன் கோடு மாதிரி ஆகிவிடும். சரிகையின் இரண்டு பக்கமும் கட்டத் தேவையில்லை. நிழல் விழும் பக்கம் மட்டும், அதாவது டிசைனின் கீழ்ப்புறமும் ஒரு பக்கவாட்டும் கட்டினால் போதும்.

வெள்ளியை வெள்ளையில் வைக்கிறீர்கள் என்றால் ஓரத்துக்குச் சாம்பல் நீலம் எடுங்கள். கறுப்பு வேண்டாம்.

பக்கத்து நிறம் மாறினால் சரிகையின் நிறமும் மாறுமா, அல்லது வெறும் பிரமையா?

இரண்டும் நடக்கிறது.

முதலில் கண் செய்வது. பிரான்சின் கோபெலின் திரைச்சீலைக் கூடத்தில் 1824 முதல் சாயப் பிரிவைக் கவனித்த வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரலிடம், கறுப்புச் சாயம் சோகையாக இருக்கிறது என்று புகார் வந்தது. அவர் சோதித்துப் பார்த்தால் சாயத்தில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் நீலமும் ஊதாவும் இருந்ததால் கறுப்பு வலுவிழந்து தெரிந்திருக்கிறது. அடுத்தடுத்து இருக்கும் இரண்டு நிறங்கள் ஒன்றையொன்று தன் எதிர் நிறத்தின் பக்கம் தள்ளும் என்ற விதியை அவர் 1839இல் வெளியிட்டார். நூல் வேலையில் பிறந்த விதி என்பதால் நமக்கு அதன்மேல் தனிப் பாசம்.

இந்தத் தள்ளலுக்கு முதலில் ஆட்படுவது வெள்ளி நூல்தான், அதற்கென்று நிறம் இல்லையே. ஆரஞ்சுப் பக்கத்தில் வைத்தால் நீலம் கலந்த மாதிரி தெரியும். நீலத்தின் பக்கத்தில் வைத்தால் லேசாக மஞ்சளடித்து, பழைய வெள்ளி போல ஆகும். சிவப்பின் பக்கத்தில் மெல்லிய பச்சைச் சாயல் வரும்.

அடுத்து, உண்மையிலேயே நடப்பது. சரிகை பக்கத்து நிறத்தைப் பிரதிபலிக்கும். உயரமாகப் புடைத்துத் தைத்த சிவப்புச் சாட்டின் இதழின் அடியில் வெள்ளிக் கோடு போட்டால், இதழின் சிவப்பு அந்தக் கோட்டில் நிஜமாகவே விழும். கிட்டே போய்ப் பார்த்தால் வெள்ளியில் ரோஜா நிறக் கீற்று ஓடுவது தெரியும். தட்டையான வேலையில் இது அவ்வளவாக இருக்காது. அடியில் ஃபெல்ட் (இழைகளை அழுத்திச் செய்த தடித்த துணி) வைத்து எழுப்பிய வேலையில் கண்டிப்பாக இருக்கும்.

ஒரு பெரிய பரப்பில் சிவப்பும் தங்கமும் மாறி மாறிக் கோடு போட்டேன். எதிர்பார்த்த எடுப்பு வரவில்லையே?

கோடுகள் மெல்லியவையா? அப்படியென்றால் அதுதான் காரணம். அகலமான பரப்புகள் அடுத்தடுத்து இருந்தால் நிறங்கள் ஒன்றையொன்று விலக்கும். மெல்லிய கோடுகளாக நெருங்கிவிட்டால் கண் அவற்றைக் கலந்துவிடும். சிவப்பு கொஞ்சம் ஆரஞ்சாகவும், தங்கம் கொஞ்சம் செம்பாகவும் போய்விடும். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய இயற்பியலாளர் வில்ஹெல்ம் வான் பெசோல்ட், கம்பள வடிவங்களில் ஒரே ஒரு நிறத்தை மாற்றினால் மொத்தக் கம்பளமும் வேறாகத் தெரிவதைக் கவனித்துச் சொன்னார். அது இந்தக் கலப்பின் வேலைதான்.

எடுப்பு வேண்டுமென்றால் கோட்டை அகலமாக்குங்கள். இரண்டு மூன்று சரிகையைச் சேர்த்து ஒரு பட்டையாக வையுங்கள். கலந்த செம்பு நிறமே நன்றாக இருக்கிறது என்று தோன்றினால் அப்படியே விட்டுவிடுங்கள். தனிச் செம்பு நூலில் அந்த ஆழம் கிடைக்காது.

சரிகையைக் கிடத்தி, மேலே சிறு தையலால் கட்டும்போது, கட்டும் நூல் எந்த நிறத்தில் இருக்க வேண்டும்?

இதைக் கவுச்சிங் என்கிறோம். சரிகை துணிக்குள் போகாமல் மேலேயே கிடக்கும், மெல்லிய இன்னொரு நூல் குறுக்கே விழுந்து அதைப் பிடித்துக்கொள்ளும். பலரும் ‘மறைந்தால் போதும்’ என்று கையில் கிடைத்த மஞ்சளை எடுத்துக் கட்டிவிடுகிறார்கள். எனக்கு அது வீணாகப் போன வாய்ப்பாகவே தெரிகிறது. சரிகையின் நிறத்தை உங்கள் விருப்பத்துக்குத் திருப்புகிற ஒரே பிடி இந்தக் கட்டுநூல்தான்.

தங்கத்தை வெளிர்மஞ்சளால் கட்டினால் அது சுத்தமான பொன்னாக நிற்கும். சிவப்பால் கட்டினால் செம்பொன் ஆகும். சீனப் பொன்வேலைகளில் சிவப்புப் பட்டு இழையால் கட்டியிருப்பதை நிறையக் காணலாம். தள்ளி நின்று பார்த்தால் சிவப்பு தனியாகத் தெரியாது, தங்கத்துக்குள் ஒரு சூடு மட்டும் தெரியும். பச்சையால் கட்டினால் தங்கம் ஆலிவ் சாயலுக்கு இறங்கும். இலைக்கு நன்றாக இருக்கும், பூவுக்கு நோய் வந்த மாதிரி இருக்கும். வெள்ளிக்கு வெளிர்சாம்பல் பாதுகாப்பானது. நீலச் சாம்பல் போட்டால் நிலவொளி மாதிரி குளிர்ச்சி வரும்.

இதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர்கள் 15ஆம் நூற்றாண்டில் பர்கண்டி ஆட்சிப் பகுதியில் இருந்த கைவினைஞர்கள். ‘ஒர் நுவே’ என்பது அந்த முறையின் பெயர். பரப்பு முழுக்கப் பொன்நூலைக் கிடைக்கோடுகளாக இட்டு, அதன்மேல் பல நிறப் பட்டு இழைகளால் கட்டுவார்கள். நிழல் வேண்டிய இடத்தில் கட்டுகள் நெருக்கமாக விழும், பொன் மூடிக்கொள்ளும். வெளிச்சம் வேண்டிய இடத்தில் கட்டுகள் விலகும், பொன் தலைகாட்டும். உடையின் மடிப்பு முழுவதும் இந்த நெருக்கத்தாலும் விலகலாலும் வரைந்ததுதான். ‘தங்கக் கம்பளி’ (Golden Fleece) என்ற பர்கண்டி வீரப் பிரபுக்களின் அமைப்புக்காகச் செய்த சடங்கு ஆடைகள் இப்போது வியன்னாவின் ஹோஃப்பர்க் கருவூலத்தில் இருக்கின்றன. இந்த முறைக்கு அவற்றைவிட நல்ல சாட்சி இல்லை.

வீட்டில் செய்து பார்க்க எளிய வழி: விரல் நீளத்துக்கு எட்டு வரிசைத் தங்கத்தை நெருக்கமாகக் கிடத்துங்கள். இடது ஓரத்தில் ஓர் இழை அடர்நீலத்தால் இடைவெளியே இல்லாமல் கட்டுங்கள். வலப்பக்கம் போகப் போக இடைவெளியைக் கூட்டுங்கள். நடுவில் கொஞ்ச தூரம் வெளிர்நீலத்துக்கு மாறி, கடைசியில் மஞ்சளுக்குப் போய்விடுங்கள். நீலத்திலிருந்து பொன்னுக்குப் போகிற அந்தச் சரிவை வேறு எந்தத் தையலிலும் எடுக்க முடியாது.

அடியில் வைக்கும் ஃபெல்ட்டையும் மறந்துவிடாதீர்கள். தங்கத்துக்கு மஞ்சள், வெள்ளிக்கு வெள்ளை அல்லது சாம்பல். இடைவெளி விட்டால் அடி நிறம் எட்டிப் பார்க்கத்தான் செய்யும்.

ஒரே நூலால் தைத்த இரண்டு இலைகள் ஏன் வேறு வேறு நிறமாகத் தெரிகின்றன?

தையலின் திசை வேறு. சுவரில் மாட்டிய வேலைக்கு மேலேயிருந்து வெளிச்சம் வருகிறது என்று வையுங்கள். கிடையாக ஓடும் சரிகை ஒவ்வொன்றும் சிறு உருளை. அதன் மேல்வளைவு ஒளியைப் பிடித்து உங்களிடம் தரும். செங்குத்தாக ஓடும் சரிகைக்கு அந்த வளைவு பக்கவாட்டில் இருப்பதால் ஒளி நழுவிப்போகும். ஒன்று மஞ்சள், ஒன்று பழுப்பு.

தெரியாமல் நடந்தால் இது தொல்லை. தெரிந்து செய்தால் ஒரே நூலில் இரண்டு நிறம் கிடைத்த மாதிரி. இலையின் நடு நரம்புக்கு இந்தப் பக்கம் ஒரு சாய்வு, அந்தப் பக்கம் எதிர்ச்சாய்வு வைத்துப் பாருங்கள்.

சரிகைக்குப் பக்கத்தில் பட்டு நல்லதா, காட்டன் நல்லதா?

சரிகை ஜொலிக்க வேண்டுமென்றால் காட்டன். மங்கலான பக்கத்துவீட்டுக்காரர் இருந்தால்தான் மினுக்குவதற்கு மதிப்பு. பட்டு நூலும் பளபளக்கும், அதனால் இரண்டும் ஒரே நேரத்தில் மின்னி, கண்ணுக்கு நிற்க இடமில்லாமல் போய்விடும். பட்டுதான் வேண்டுமென்றால் சாட்டின் தையலைச் சரிகைக்குக் குறுக்கான திசையில் போடுங்கள். ஒன்று ஒளிரும்போது மற்றது அடங்கியிருக்கும்.

தங்கமும் வெள்ளியும் ஒரே டிசைனில் வரலாமா?

தாராளமாக வரலாம். ஒன்றையொன்று தொட்டால் மட்டும் வெள்ளி நீலமாகக் குளிர்ந்து, தங்கம் பித்தளை மாதிரி ஆகிவிடும் அபாயம் உண்டு. நடுவே ஒரு வரிசை அடர்நிறம் போட்டால் சரியாகிவிடும். அளவும் சமமாக இருக்கக் கூடாது. ஒன்று எசமான், மற்றது துணை.

சிவப்பு, பச்சை, நீல மெட்டாலிக் நூல்கள் ஏன் எப்போதும் நினைத்ததைவிட இருண்டு போகின்றன?

தங்கத்துக்குச் சொன்னதேதான், இன்னும் மோசமாக. அடர்நிறப் பூச்சு ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. மின்னும் கோணத்தில் மட்டும் நிறம் தெரியும், மற்ற நேரம் கிட்டத்தட்டக் கறுப்பு. அதனால் நிற மெட்டாலிக்கை மட்டும் வைத்து ஒரு பரப்பை நிரப்பாதீர்கள். அதே நிறக் காட்டனால் நிரப்பி, மேலே அங்கங்கே இரண்டு மூன்று தையல் மெட்டாலிக் போடுங்கள். நிறத்தைக் காட்டன் பார்த்துக்கொள்ளும், மினுக்கை மெட்டாலிக் பார்த்துக்கொள்ளும்.

முத்து நிறத்தில், வானவில் மாதிரி மாறும் நூல் இருக்கிறதே?

அது ஒளி ஊடுருவும் மெல்லிய படலம். அதன் நிறம் சாயத்தால் வருவதில்லை, சோப்புக் குமிழியின் நிறம் போலப் படலம் மிக மெல்லியதாக இருப்பதால் வருகிறது. கறுப்பு அல்லது கருநீலத்தின்மேல் போட்டால் பச்சையும் ஊதாவும் துள்ளும். வெள்ளையில் போட்டால் பெரும்பாலும் வெள்ளையாகவே கிடக்கும். பனித்துளி, தும்பியின் சிறகு போன்றவற்றுக்கு மிக ஏற்றது.

காட்டன் இழையோடு மெல்லிய மெட்டாலிக் இழையைச் சேர்த்துத் தைக்கலாமா?

சேர்க்கலாம். இரண்டு இழை காட்டனுக்கு ஓர் இழை மெட்டாலிக் என்று தொடங்குங்கள். காட்டனின் நிறம் கொஞ்சம் சாம்பலடித்த மாதிரி மங்கும் என்பதை எதிர்பார்த்து, வழக்கத்தைவிட ஒரு படி துலக்கமான நிறத்தை எடுங்கள். தங்க இழை சேர்ந்தால் நீலம் பச்சைப் பக்கம் சாயும். ஊதா மண்ணடித்துப் போகும். இந்த இரண்டுக்கும் வெள்ளி இழைதான் சரி.

சிவப்பும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வந்து கண்ணைக் குத்துகிறது. சரிகை உதவுமா?

உதவும். இரண்டுக்கும் நடுவே ஒரு தங்கக் கோடு போடுங்கள், சண்டை ஓய்ந்துவிடும்.

வெள்ளிச் சரிகை கறுத்துவிட்டால் வண்ணத் திட்டம் என்னாவது?

அசல் வெள்ளி காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு சேர்ந்து முதலில் மஞ்சளடிக்கும், பிறகு பழுப்பாகும், கடைசியில் கறுக்கும். செம்பு அடிப்படையிலான நூல் பழுப்பாகி, ஈரம் இருந்தால் பச்சைப் படிவு பிடிக்கும். ரப்பர் பேண்டு, கம்பளித் துணி இரண்டும் கந்தகத்தை வெளிவிடும் என்பதால் வெள்ளி வேலையின் பக்கத்தில் வைக்காதீர்கள். அமிலமற்ற காகிதத்தில் சுற்றிவையுங்கள்.

நீண்ட காலம் இருக்க வேண்டிய வேலையென்றால் தொடக்கத்திலேயே இதற்கு இடம் கொடுத்துவிடலாம். வெளிர்ரோஜாவின் பக்கத்தில் கறுத்த வெள்ளி அழுக்காகத் தெரியும். அடர்நீலம், கரும்பச்சை, சாம்பல் பக்கத்தில் அதே கறுப்பு பழமையின் அழகாகத் தெரியும்.

எந்த வெளிச்சத்தில் நிறம் தேர்ந்தெடுப்பது?

வேலை கடைசியில் எந்த வெளிச்சத்தில் இருக்கப்போகிறதோ அதில். மஞ்சள் விளக்கில் தங்கம் கொழிக்கும், வெள்ளி மங்கிய தங்கம் மாதிரி ஆகிவிடும். வெள்ளை எல்இடியில் வெள்ளி கூர்மையாகும், தங்கம் லேசாகப் பச்சையடிக்கும். மாலை விழாவுக்கான உடைக்குப் பகல் ஜன்னலோரம் நின்று நிறம் பார்ப்பதில் அர்த்தமில்லை.

முன்கூட்டியே சோதிக்க எளிய வழி உண்டா?

அதே துணியில் உள்ளங்கை அளவு துண்டு போதும். நினைத்திருக்கும் நிறங்களைச் சிறு சதுரங்களாக நிரப்பி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் சரிகையைக் கிடையாக ஒன்று, செங்குத்தாக ஒன்று கட்டுங்கள். அப்புறம் மொபைலில் கறுப்பு வெள்ளையாக இரண்டு படம் எடுங்கள், ஒன்று சரிகை மின்னும் கோணத்தில், ஒன்று அது இருண்டு போகும் கோணத்தில். இரண்டு படத்திலும் கோடு பின்னணியிலிருந்து பிரிந்து தெரிந்தால் அந்தக் கூட்டணி தேறும். ஒன்றில் மட்டும் தெரிந்தால் ஓரக்கோடு தேவை. இரண்டிலும் தெரியாவிட்டால் வேறு நிறம் பாருங்கள்.

முடித்த வேலையைப் படமெடுத்தால் தங்கம் வெள்ளையாகப் பொரிந்து போகிறது. என்ன செய்வது?

ஃபிளாஷை அணையுங்கள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரட்டும், நடுவே ஒரு மெல்லிய வெள்ளைத் துணி தொங்கட்டும். எதிர்ப்புறம் வெளிர்மஞ்சள் அட்டை ஒன்றை நிறுத்தினால் சரிகையின் இருண்ட பகுதிகள் அதைப் பிரதிபலித்துக்கொண்டு பொன்னாக நிரம்பும். நீல உடை போட்டுக்கொண்டு குனிந்து படமெடுக்காதீர்கள், வெள்ளி முழுக்க நீங்களே விழுவீர்கள்.